வாவ் எழுத்தின் அறுந்த கால்: ஒரு சிறுவன் தீர்க்கவேண்டிய வழக்கு

யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான பாபிலோனியத் தல்மூதில் மெனாஹோத் என்றொரு பகுதி இருக்கிறது. எருசலேம் ஆலயத்தில் படைத்த மாவுக் காணிக்கைகளின் சட்டங்களைப் பேசுவது. அதன் 29ஆம் ஏட்டின் பின்பக்கத்தில், மாவோடும் எண்ணெயோடும் சம்பந்தமில்லாத ஒரு குட்டி வழக்கு வருகிறது. ராமி பார் திகூலி என்பவரின் மாமனார் ராமி பார் தம்ரி. அவருடைய கையெழுத்துப் பிரதி ஒன்றில் ‘வயஹரோக்’ என்ற எபிரேயச் சொல்லின் முதல் எழுத்தான வாவின் கால், தோலில் விழுந்த ஓட்டையால் அறுந்துவிட்டது. அவர் ரப்பி (யூதச் சட்ட அறிஞர்) ஸேராவிடம் போனார். ஸேரா சொன்னார்: ரொம்பக் கெட்டிக்காரனாகவும் இல்லாமல், மந்தமாகவும் இல்லாமல் ஒரு சிறுவனைக் கூட்டிக்கொண்டு வா. அவன் அதை ‘வயஹரோக்’ என்று படித்தால் செல்லும். இல்லாவிட்டால் அது ‘யெஹாரேக்’, செல்லாது.

வழக்கு அத்தோடு முடிகிறது. சிறுவன் வந்தானா, என்ன படித்தான், மாமனாரின் பிரதி தப்பியதா என்ற எதையும் தல்மூத் சொல்லவில்லை. அதற்கு அக்கறை தீர்ப்பில் இல்லை, தீர்ப்புக்கு வந்துசேரும் வழியில்தான். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் சொன்ன அந்த வழியை யூத எழுத்தர்கள் இன்றும் பின்பற்றுகிறார்கள்.

எழுத்து ஏன் இத்தனை பெரிய விஷயம்

யூதச் சட்டப்படி கையால் எழுதியே தீரவேண்டிய புனிதப் பொருள்களில் முதன்மையானவை மூன்று. மோசேயின் ஐந்து நூல்களும் அடங்கிய தோரா சுருள் ஒன்று. காலைத் தொழுகையில் கையிலும் நெற்றிக்கு மேலும் கட்டிக்கொள்ளும் தெஃபில்லின் என்ற தோல் பெட்டிகளுக்குள் இருக்கும் ஏடுகள் இரண்டாவது. வாசல் நிலையில் பதிக்கும் மெசூசா மூன்றாவது. தோரா சுருளில் 304,805 எழுத்துகள். மெசூசாவில் 22 வரிகளில் 713 எழுத்துகள். தெஃபில்லினில் ஒரு பெட்டிக்கு 1,594, இரண்டுக்கும் சேர்த்து 3,188. இவற்றை எழுதுபவர் சோஃபர். பதப்படுத்திய தோலில் வரி கீறிக்கொண்டு, வாத்து அல்லது வான்கோழி இறகாலோ நாணலாலோ எழுதுவார். மாசிக்காய், அன்னபேதி, பிசின் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மை.

மெசூசாவின் இரண்டு பகுதிகளில் ஓர் எழுத்து குறைந்தாலும் முழுவதும் செல்லாது என்று, தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா சொல்லிவிடுகிறது. தெஃபில்லினுக்கும் அதே கதிதான். தல்மூத் உடனே கேட்கிறது: இது தெரிந்ததுதானே, சொல்லவும் வேண்டுமா? அதற்கு ரவ் யெஹூதா, ‘ரவ்’ என்றே அழைக்கப்பட்ட தன் ஆசிரியரின் பெயரால் ஒரு பதில் தருகிறார்: யோத் என்ற மிகச் சின்ன எழுத்தின் முள் போன்ற நுனி குறைந்தாலும் செல்லாது என்று காட்டத்தான். அதுவும் தெரிந்ததுதானே என்று மறுபடியும் கேள்வி. அப்புறம்தான் இறுதிப் பதில் வருகிறது: நாலு பக்கமும் வெறும் தோல் சூழ நிற்காத எந்த எழுத்தும் செல்லாது. அதாவது ஓர் எழுத்து பக்கத்து எழுத்தைத் தொட்டுவிட்டாலே போயிற்று. இந்த விதியைச் சொன்ன அடுத்த சில வரிகளில்தான் ஓட்டை விழுந்த எழுத்துகளின் பேச்சு தொடங்குகிறது. நம் வழக்கு வரும் இடம் அது.

வாவ் என்பது ஒரு சின்னத் தலை, அதிலிருந்து நேரே இறங்கும் ஒரு கால். அவ்வளவுதான் அதன் உடம்பு. அந்தக் கால் குட்டையாகிவிட்டால் அது யோத். தலை அகன்றால் ரேஷ். தலை காலின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தால் ஸாயின். மூன்று அண்டை வீட்டுக்காரர்களுக்கு நடுவே ஒல்லியாக நிற்கும் எழுத்து அது. ஷப்பாத் பகுதியின் 103ஆம் ஏட்டில், எழுத்தர் ஒன்றுக்குப் பதில் ஒன்று எழுதிவிடக்கூடாத இணைகளின் பட்டியல் இருக்கிறது. தாலெத்தும் ரேஷும், ஹேயும் ஹெத்தும் போல வாவும் யோதும் அதில் ஜோடியாகவே வருகின்றன.

‘வயஹரோக்’ வரும் இடம் யாத்திராகமம் 13:15. பார்வோன் விட மறுத்தபோது கர்த்தர் எகிப்தின் தலைப்பிள்ளைகளையெல்லாம் கொன்றார் என்ற வசனம். எபிரேயத்தில் வினை முன்னால், கடவுளின் பெயர் அடுத்து. முதல் எழுத்தான வாவ் கால் ஒடிந்து யோதாகத் தெரிந்தால், ‘கொன்றார்’ என்பது ‘கொல்லப்படுவார்’ என்று ஆகிவிடும். அடுத்த சொல் கடவுள் பெயர். மிச்சத்தை வாசகரே சேர்த்துப் படித்துக்கொள்ளலாம். ஸேரா ‘யெஹாரேக்’ என்று வாய்விட்டுச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார், பொருளை விளக்கவில்லை. அவையில் இருந்த எல்லோருக்கும் அது புரிந்திருக்கும்.

ரப்பி மெயிர் எழுத்தர் வேலைக்கு வந்தபோது ரப்பி இஷ்மயேல் அவரை எச்சரித்த கதை எரூவின் பகுதியில் வருகிறது: மகனே, ஜாக்கிரதையாக இரு, ஓர் எழுத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ உலகம் முழுவதையும் அழித்தவன் ஆவாய். தனியாகப் படித்தால் மிகைப்பேச்சாகத்தான் தோன்றும். ‘வயஹரோக்’ வழக்கைப் பார்த்த பிறகு அவ்வளவு மிகையாகத் தெரியாது.

பக்கத்து வழக்கு

ஸேராவின் தீர்ப்பைப் புரிந்துகொள்ள, அதற்குச் சற்று முன்னால் அதே பக்கத்தில் இருக்கும் இன்னொரு வழக்கோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். அப்பா என்ற பெயருடைய ரப்பி ஒருவரின் மாமனார் அக்ரா. (இந்தப் பக்கத்தில் மாமனார்களுக்கு நேரம் சரியில்லை.) அவருடைய பிரதியில் ‘ஹஆம்’, அதாவது ‘மக்கள்’ என்ற சொல்லின் ஹே எழுத்தின் கால் ஓட்டையால் அறுந்தது. மருமகன் தந்த தீர்ப்பு: ஒரு சின்ன எழுத்தின் அளவுக்குக் கால் மிச்சமிருந்தால் செல்லும், இல்லாவிட்டால் செல்லாது.

ஒரே ஏடு, ஒரே வகைச் சேதம், அடுத்தடுத்து இரண்டு வழக்குகள். ஒருவர் அளவு சொல்கிறார். மற்றவர் சிறுவனைக் கூப்பிடுகிறார். இரண்டு ரப்பிகளின் மனப்போக்கு வேறு என்று விட்டுவிடலாம்தான். எனக்கு அது போதவில்லை. வித்தியாசம் எழுத்துகளில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஹேயின் வலது கால் குட்டையானாலும், யோத் அளவுக்காவது மிஞ்சினால் ஹே ஹேயாகவே நிற்கும். கூரையும், உள்ளே தனியாகத் தொங்கும் இடது காலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அங்கே குறைந்தபட்ச அளவு ஒன்றைச் சொல்ல முடிகிறது. வாவுக்கு அது முடியாது. அதைக் காப்பாற்றக் கூரையும் இல்லை, இரண்டாவது காலும் இல்லை. வாவ் எந்த இடத்தில் முடிந்து யோத் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதற்குக் கோடு கிடையாது. பெரிய எழுத்தில் எழுதுபவரின் யோத், நுணுக்கி எழுதுபவரின் வாவ் அளவுக்கே இருக்கலாம். அளவுகோலால் தீராத கேள்வி இது. ஆகவே ஸேரா அளப்பதை விட்டுவிட்டுப் படிக்கச் சொன்னார்.

ஏன் சிறுவன், ஏன் நடுத்தரச் சிறுவன்

படிப்பதற்கு ஒரு பண்டிதரைக் கூப்பிட்டிருக்கலாமே? கூடாது. அவருக்கு வசனம் மனப்பாடம். வாவ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி இருந்தாலும் அவர் கண் வாவையே பார்க்கும். கெட்டிக்காரச் சிறுவனும் ஆபத்துதான். முன்பின் சொற்களை வைத்து ‘இங்கே வயஹரோக்தானே வரும்’ என்று ஊகித்துவிடுவான். மந்தமான சிறுவனோ முழுசான எழுத்தையே தடுமாறிப் படிப்பவன். அவன் தடுமாறினால் தப்பு எழுத்தில் இருக்கிறதா அவனிடம் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. எழுத்துகள் தெரிந்திருக்க வேண்டும், வசனம் தெரிந்திருக்கக்கூடாது. அந்த இடைவெளிக்குள் நிற்கும் ஒரு வாசகனைத்தான் ஸேரா கேட்டார்.

நம் ஓலைச்சுவடிகளில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வடிவத்தில் வேறுபாடு இல்லை, மெய்க்குப் புள்ளியும் பெரும்பாலும் இல்லை. படிப்பவர் பொருளை வைத்துப் பிரித்துக்கொள்வார், அந்தத் திறமைக்குத்தான் மதிப்பு. யூத எழுத்தர் சட்டம் அந்தத் திறமையைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறது. சூழலைக் கொண்டு புரிந்துவிடும் எழுத்து அங்கே போதாது. தானே தன்னைச் சொல்லிக்கொள்ளும் எழுத்து வேண்டும்.

யூத நீதிமன்றத்தில் சிறுவன் சாட்சி சொல்ல முடியாது. பருவம் அடையாதவனின் வாக்குமூலத்துக்கு அங்கே எடை இல்லை. ஆனால் இங்கே அவனிடம் யாரும் சாட்சியம் கேட்கவில்லை. நடந்ததை அவன் சொல்ல வேண்டியதில்லை, எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதும் இல்லை. கண்ணில் பட்டதைப் படித்தால் போதும். தீர்ப்பு ரப்பியுடையது, சிறுவன் அதற்கு ஒரு கருவி. பிற்கால நூல்களில் ஒருவனுக்குப் பதில் பல சிறுவர்களிடம் காட்டி, அவர்கள் மாறுபட்டுப் படித்தால் பெரும்பான்மைப்படி போவது பற்றியும் பேச்சு உண்டு.

இந்த யோசனை ஸேராவிடமிருந்து வந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பாபிலோனில் படித்துவிட்டு இஸ்ரயேல் நாட்டுக்குப் போனவர் அவர். அங்கே புதிதாகக் கற்பதற்காக, பாபிலோனில் கற்றதெல்லாம் மறந்துபோகவேண்டும் என்று நூறு நோன்பு இருந்தார் என்று பாவா மெட்சியா பகுதி சொல்கிறது. ஏற்கெனவே தெரிந்தது புதிதாகப் பார்ப்பதை எப்படிக் கெடுக்கும் என்று சொந்த அனுபவத்தில் அறிந்தவர். குழந்தைகளைப் பற்றி அவர் சொன்ன இன்னொன்றும் தல்மூதில் இருக்கிறது: குழந்தையிடம் ஒன்று தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராமல் இருக்காதே, அது பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும். சிறுவனின் வாயில் உண்மை வரும் என்று நம்புகிறவர்தான் அதைக் கெடுக்காதே என்றும் சொல்வார்.

சுருளா, தெஃபில்லினா?

அறுந்த வாவ் எந்தப் பொருளில் இருந்தது என்று வழக்கின் வரிகளில் இல்லை. சட்ட விளைவைப் பார்த்தால் இதுதான் பெரிய கேள்வி. யாத்திராகமம் 13:15 தோரா சுருளிலும் வரும். தெஃபில்லினுக்குள் வைக்கும் நான்கு பகுதிகளில் இரண்டாவதிலும் வரும். அக்ராவின் வழக்கில் வரும் ‘ஹஆம்’ கூட யாத்திராகமம் 13:3இல், தெஃபில்லினின் முதல் பகுதியில் இருக்கிறது.

தோரா சுருளாக இருந்தால் பெரிய சேதம் இல்லை. அதில் எந்த எழுத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். ஓட்டை இருந்தால் பின்புறம் தோல்துண்டு ஒட்டிச் சரிசெய்யவும் வழி உண்டு. சிறுவன் ‘யெஹாரேக்’ என்று படித்தால், சோஃபர் வாவைத் திரும்ப எழுதிவிட்டுப் போய்விடுவார். திருத்தாத சுருளை 30 நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பதுதான் நெருக்கடி.

தெஃபில்லின் அப்படி இல்லை. அதிலும் மெசூசாவிலும் எழுத்துகளை வரிசை தப்பாமல் எழுத வேண்டும். நூறாவது எழுத்து கெட்டது என்று இருநூறாவது எழுத்தை எழுதிய பிறகு தெரிந்தால், நூறாவதை மட்டும் திருத்த முடியாது. திருத்தினால் அது இருநூறாவதுக்குப் பின்னால் எழுதியதாகிவிடும். சரி, நூறிலிருந்து எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி எழுதலாமா? எழுதலாம், நடுவில் கடவுளின் பெயர் இல்லையென்றால். அந்தப் பெயரை அழிப்பது உபாகமம் 12ஆம் அதிகாரத்தை ஆதாரமாகக் கொண்ட தடை. எக்காரணத்துக்காகவும் அழிக்க முடியாது.

இப்போது வழக்கின் இடத்தைத் திரும்பிப் பாருங்கள். ‘வயஹரோக்’ முடிந்த உடனே அடுத்த சொல்லே கடவுள் பெயர். அதே வசனத்தின் பின்பாதியில் பலியிடுவதைச் சொல்லும்போது இன்னொரு முறை. 16ஆம் வசனத்தில், எகிப்திலிருந்து எங்களைப் புறப்படச் செய்தார் என்ற இடத்தில் மூன்றாவது முறை. கைத் தெஃபில்லின் என்றால் நான்கு பகுதிகளும் ஒரே தோலில், ஒன்றன்பின் ஒன்றாக. எனவே இதற்கப்புறம் வரும் இரண்டு பகுதிகளும், அவற்றில் உள்ள பெயர்களும் சேர்ந்துகொள்ளும். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. சிறுவன் யோத் என்று படித்த நிமிடமே அந்த ஏடு கெனிசாவுக்கு, அதாவது பயன்படுத்த முடியாத புனித எழுத்துகளைப் பத்திரப்படுத்திப் புதைக்கும் இடத்துக்குப் போகவேண்டியதுதான். வாரக்கணக்கான வேலை, ஓர் எழுத்தின் அரைக் காலால் வீண்.

அதனால்தான் சிறுவனின் வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு கனம். ‘செல்லாது’ என்று சொல்வது பாதுகாப்பான பக்கம்தானே, எதற்குச் சிறுவனும் சோதனையும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் நல்ல ஏட்டைச் செல்லாது என்பதும் தவறுதான். சந்தேகம் வந்ததெல்லாம் கெனிசாவுக்கு என்று ஸேரா சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு பொறுப்பும் இல்லாமல் போயிருக்கும். அவர் அந்தச் சுலபமான வழியை எடுக்கவில்லை.

சிறுவனின் எல்லை

1563இல் சஃபேத் நகரில் யோசேஃப் காரோ எழுதி முடித்து, 1565இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் ஆரூக் என்ற யூதச் சட்டத் தொகுப்பில் இந்த வழக்கு பொது விதியாகிவிட்டது. ஓரஹ் ஹயீம் என்ற பிரிவின் 32ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது: வாவ், ஸாயின் போன்ற எளிய எழுத்துகளின் கால் அறுந்தால், கெட்டிக்காரனும் மந்தனும் அல்லாத சிறுவன் படிக்க முடிந்தால் செல்லும், முடியாவிட்டால் செல்லாது. பக்கத்து எழுத்துகளை மூடி மறைத்துக் காட்டும் பழக்கம் அப்போது இருந்திருக்கிறது. அது தேவையில்லை என்கிறார் காரோ. இது கொஞ்சம் வியப்பு. கெட்டிக்காரச் சிறுவன் வேண்டாம் என்பதே சூழலை வைத்து ஊகிப்பான் என்பதால்தானே, சூழலை மறைத்தால் இன்னும் நல்லதல்லவா? ஆனால் தல்மூதில் சிறுவன் படித்தது முழுச் சொல்லை. தனி எழுத்தைப் பிடுங்கிக் காட்டுவது வேறொரு சோதனை. மூல வழக்கின் வடிவத்தை மாற்றாமல் வைத்திருக்கப் பார்த்தார் என்று எடுத்துக்கொள்கிறேன். பின்வந்தவர்கள் எல்லோரும் அதோடு நிற்கவில்லை. மூடுவதைத் தொடர்ந்தவர்கள் உண்டு. ஓட்டைக்குக் கீழே தொங்கும் மிச்சக் காலையாவது மூடவேண்டும், இல்லாவிட்டால் சிறுவன் மனசுக்குள் இரண்டு துண்டையும் சேர்த்துவிடுவான் என்பது அவர்களின் கவலை. இந்தக் கவலை எனக்கு நியாயமாகப் படுகிறது. கேள்வியே மேல்துண்டு மட்டும் வாவாக நிற்கிறதா என்பதுதானே.

போலந்தின் க்ராகோவிலிருந்து மோசே இசர்லெஸ் அந்த நூலுக்கு எழுதிய குறிப்புகள்தான் மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபினரான அஷ்கெனாசி யூதர்களுக்கு வழிகாட்டி. அவர் இங்கே ஒரு வரி சேர்க்கிறார். எழுத்து அதன் முறையான வடிவத்தில் இல்லை என்பது நம் கண்ணுக்கே தெரிந்தால், சிறுவன் சரியாகப் படித்தாலும் அது செல்லாது. என் பார்வையில் இந்த வழக்கின் நீண்ட வரலாற்றிலேயே முக்கியமான வரி இதுதான். சிறுவன் சந்தேகத்தைத் தீர்ப்பவன், தெளிவை மாற்றுபவன் அல்ல. தெளிவாக நல்ல எழுத்துக்கும் அவன் வேண்டாம், தெளிவாகக் கெட்ட எழுத்துக்கும் வேண்டாம். பெரியவர்கள் தயங்கி நிற்கும் அந்தச் சின்ன இடத்துக்கு மட்டும் அவனை அழைப்பார்கள்.

அவனுக்குத் தெரியவே முடியாத விஷயங்களும் இருக்கின்றன. தாலெத்தையும் ரேஷையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் வலது மூலை பிதுங்கிக் கூராக இருந்தால் தாலெத், வளைந்தால் ரேஷ். ரேஷ் வேண்டிய இடத்தில் சோஃபர் தாலெத் எழுதிவிட்டார். கத்தியால் அந்த மூலையைச் சுரண்டினால் அழகான ரேஷ் வந்துவிடும். எந்தச் சிறுவனும் தயங்காமல் ரேஷ் என்பான். ஆனாலும் செல்லாது. எழுத்து எழுதுவதால் பிறக்க வேண்டும், சுரண்டுவதால் அல்ல. மணமுறிவுப் பத்திரத்தைப் பற்றிய சட்டத்தில் ‘எழுதினான்’ என்று இருக்கிறது, ‘செதுக்கினான்’ என்று இல்லை என்பது கித்தீன் பகுதியின் வாதம். அதேபோல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு எழுத்துகளைச் சிறுவன் சரளமாகப் படிப்பான், ஆனால் சுற்றிலும் தோல் இல்லாததால் அவை செல்லாது. அங்கே மட்டும் தொடும் இடத்தைச் சுரண்டிப் பிரித்துவிட்டால் போதும். எழுத்துகள் ஏற்கெனவே முறையாக எழுதியவைதான், நீக்கியது அவை ஒட்டிய இடத்தை மட்டும் என்று கணக்கு. எழுதும்போது புனித நோக்கோடு எழுதினாரா, கடவுள் பெயரை எழுதும் முன் அதற்கென்று வாயால் சொன்னாரா என்பதையெல்லாம் தோலைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது, ரப்பியும்தான். சிறுவனுக்குத் தெரிவது எழுத்து இப்போது எப்படி இருக்கிறது என்பது மட்டும். அது எப்படி வந்தது என்பது அவன் கண்ணுக்கு அப்பால்.

ஓட்டையிலும் அப்படித்தான். எழுதும் முன்பே இருந்த ஓட்டையின் மேல் மை ஓடி மூடிக்கொண்டால் அது ஓட்டையே அல்ல என்கிறது ஷப்பாத் பகுதி. எழுதிய பின் விழுந்ததற்கு வேறு கணக்கு. சுற்றிலும் தோல் வேண்டும் என்ற விதியை எழுதும் நேரத்துக்கே வைத்து, பின்னால் வந்த ஓட்டைக்கு விலக்குத் தருகிறார்கள். ஆனால் எழுத்தின் உடம்பையே அறுத்துவிட்ட ஓட்டைக்கு அந்த விலக்கு உதவாது. ராமி பார் தம்ரியின் ஓட்டை அப்படிப்பட்டது.

சிறுவனுக்கு இன்னொரு வேலையும் காரோ கொடுத்திருக்கிறார். அலெஃப், ஷீன், ஆயின் போன்ற எழுத்துகளின் தலையில் இருக்கும் யோத் துண்டுகள் சில நேரம் உடம்பைத் தொடாமல் நூலிழை இடைவெளியோடு நின்றுவிடும். இப்படியே விட்டால் செல்லாது. ஆனால் சிறுவன் அதை அலெஃப் என்று அடையாளம் கண்டால், தெஃபில்லினில்கூட அந்த இடைவெளியை மையால் நிரப்பலாம். வடிவம் ஏற்கெனவே நிற்கிறது என்று அவன் காட்டிவிட்டதால், நிரப்புவது புதிதாக எழுதுவதாகாது, வரிசையும் தப்பாது. இங்கே அவன் சொல் எழுத்தைச் செல்ல வைப்பதில்லை. செல்ல வைக்கும் வேலைக்கு அனுமதி தருகிறது. நுணுக்கமான வித்தியாசம், ஆனால் எத்தனையோ ஏடுகள் கெனிசாவுக்குப் போகாமல் தப்புவது இதனால்தான்.

சட்டமே அறுக்கச் சொல்லும் வாவ்

தோரா சுருளில் ஓர் இடத்தில் வாவின் கால் அறுந்தே இருக்க வேண்டும். எண்ணாகமம் 25:12, பினெகாஸ் என்ற குருவுக்குக் கடவுள் சமாதான உடன்படிக்கை தரும் வசனம். அங்கே ‘ஷாலோம்’ என்ற சொல்லின் வாவ் துண்டானது என்கிறது கித்துஷீன் பகுதி. ஆலயத்தில் ஊழியம் செய்யும் குருவுக்கு உடம்பில் ஊனம் இருக்கக்கூடாது என்ற விதிக்கு ஆதாரம் தேடும்போது இது வருகிறது.

சோஃபருக்குத் தலைவலி. துண்டாக்காவிட்டால் மரபு போகும், துண்டாக்கினால் வாவ் போகும். சில மரபுகளில் சின்ன வாவாக எழுதிவிடுகிறார்கள். சிலவற்றில் உண்மையாகவே காலை வெட்டி இடைவெளி விடுகிறார்கள். அப்படி விடும்போதும், வெட்டுக்கு மேலிருக்கும் துண்டு தனியாகவே வாவாகத் தெரியும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துபவர்கள் உண்டு. ஸேராவின் சிறுவன் வந்தாலும் தேறிவிடும்படியான வெட்டு.

இன்றைய மேசையில்

பெரும்பாலும் ஓட்டை இப்போது பிரச்சினை இல்லை. மை உரிவதும் வெடிப்பதும் மங்குவதும்தான். வாசல் நிலையில் மழையும் வெயிலும் படும் மெசூசாவை, தனியார் வீடு என்றால் ஏழு ஆண்டில் இரண்டு முறை எடுத்துச் சரிபார்க்க வேண்டும். பொது இடத்தில் இருப்பதற்கு ஐம்பது ஆண்டில் இரண்டு முறை. மை உதிரும்போது முதலில் போவது ஒல்லியான இடங்கள், அவற்றில் வாவின் கால் நிச்சயம் உண்டு.

சரிபார்ப்பவர் முதலில் தானே பார்ப்பார். எழுத்துகளின் வடிவத்துக்கு அவருக்குக் கையேடுகள் உண்டு. ஷ்லோமோ கான்ஸ்ஃப்ரீட் 1835இல் வெளியிட்ட கெசெத் ஹசோஃபர் ஒன்று. ராதின் ஊரின் இஸ்ரயேல் மெயிர் ககான் எழுதிய மிஷ்னா பெரூராவில், 36ஆம் அத்தியாயத்தோடு சேர்ந்த மிஷ்னத் சோஃப்ரீம் மற்றொன்று. அலெஃப் முதல் தாவ் வரை ஒவ்வோர் எழுத்துக்கும் எது அழகுக்கு, எது இல்லாவிட்டால் செல்லாது என்று பிரித்துச் சொல்லும் நூல் அது. இவ்வளவையும் பார்த்துவிட்டும் ‘இது வாவா யோதா’ என்று தயக்கம் நின்றால்தான் வீட்டிலிருந்தோ பக்கத்துப் பள்ளியிலிருந்தோ ஒரு சிறுவன் வருவான்.

கணினியும் இந்த மேசைக்கு வந்துவிட்டது. ஏட்டைப் படம் எடுத்து, மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடும் மென்பொருள்கள் பரவலாகிவிட்டன. விடுபட்ட சொல், இரட்டித்த எழுத்து, இடம் மாறிய எழுத்து ஆகியவற்றைப் பிடிப்பதில் மனிதக் கண்ணை அவை மிஞ்சுகின்றன. பழகிய கண் விடுபட்டதைத் தானே நிரப்பிப் படித்துவிடும், இயந்திரம் நிரப்பாது. ஆனால் அறுந்த வாவின் முன்னால் வைத்தால் நிலைமை வேறு. அந்த இடத்தில் வாவ் வரவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஒப்பிடும் நிரல், ஸேரா வேண்டாமென்று சொன்ன கெட்டிக்காரச் சிறுவன்தான். மூலம் தெரியாமல் வடிவத்தை மட்டும் பார்க்கும் நிரலோ, எத்தனை சதவீதம் ஒத்தால் வாவ் என்று யாராவது ஒரு கோடு போட்டுக் கொடுத்தால்தான் பதில் சொல்லும். அந்தக் கோட்டைப் போட முடியாததால்தானே சிறுவனைத் தேடியது. நடைமுறையும் இப்படித்தான் பிரிந்திருக்கிறது. எழுத்து விடுபட்டதா, கூடியதா என்பதற்குக் கணினி. வடிவத்துக்கும் ஒட்டுக்கும் வெடிப்புக்கும் சோஃபரின் கண். அதுவும் தயங்கினால் சிறுவன்.